பக்கத்து வீட்டுப் பெரியவர் தந்த மரக்கருவி: வூமெராவைப் பற்றி அறிந்தவர்கள் உதவ வேண்டும்

முருங்கைத்தோட்டம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் அடிலெய்டில் பதினொரு ஆண்டுகளாக வசிக்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர், வயது தொண்ணூறைத் தாண்டியவர், சென்ற மாதம் முதியோர் இல்லத்துக்குக் குடிபெயர்ந்தார். அவருடைய கொட்டகையைக் காலி செய்ய உதவியபோது, சாக்கில் சுற்றிய ஒரு மரப்பொருளை என்னிடம் கொடுத்து, "இது வூமெரா, உன்னிடம் இருக்கட்டும்" என்றார். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் ஈட்டி எறியப் பயன்படுத்தும் கருவி என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். 1950களில் அவர் அதே பெயர் கொண்ட வூமெரா ஏவுகணைத் தளத்தில் மின்பணியாளராக இருந்தவர். அக்காலத்தில் ஒரு பழங்குடி முதியவர் மாவும் புகையிலையும் பெற்றுக்கொண்டு இதைக் கொடுத்தார் என்பதற்கு மேல் அவருக்கு நினைவில்லை.

நீளம் 71 சென்டிமீட்டர், மிக அகன்ற இடத்தில் 11 சென்டிமீட்டர், எடை 430 கிராம். மாவிலையைப் போல நடுவில் அகன்று இரு முனைகளிலும் குறுகுகிறது. குறுக்குவாட்டில் ஆழமற்ற தோணியைப் போலக் குழிந்திருக்கிறது. ஒரு முனையில் நெல்லிக்காய் அளவுக்குக் கறுப்பான அரக்கு உருண்டையும் அதில் பதித்த சாம்பல்நிறக் கற்சில்லும் உள்ளன. மறுமுனையில் காய்ந்த நார் போன்ற ஏதோ ஒன்று சுற்றப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தச் சுற்று எதைப் பிடித்திருந்ததோ அது இல்லை. ஒரு பக்க விளிம்பில் மூன்று இடங்களில் கரிந்த பள்ளங்கள் இருக்கின்றன. உட்குழிவில் செந்நிறக் கறை படிந்திருக்கிறது.

இங்குள்ள ஒரு பழம்பொருள் கடைக்காரரிடம் காட்டினேன். "யாரோ சுட்டுக் கெடுத்துவிட்டார்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்தால் ஏதாவது விலை தேறும்" என்றார். அதை நம்பி ஈரத்துணியால் உட்பக்கத்தைத் துடைக்கத் தொடங்கி, துணியெல்லாம் சிவப்பானதும் பயந்து நிறுத்திவிட்டேன். இது உண்மையில் பயன்பட்ட கருவியா, சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்ததா? அந்தக் கரிந்த பள்ளங்கள் என்ன?

ஏட்டுச்சுவடி எழுதியது:

முதலில் துணியைக் கீழே வையுங்கள், நண்பரே. உப்புத்தாள், வார்னிஷ், எண்ணெய், மெழுகு எதுவும் வேண்டாம். நீங்கள் துடைத்தெடுத்த சிவப்பு, பெரும்பாலும் காவிக்கல் பொடி. உடலில் பூசிக்கொள்ளவும் கருவிகளுக்கு நிறம் ஏற்றவும் காவியைக் குழைக்கும்போது அந்தக் குழிவுதான் தட்டாகப் பயன்படும். கடைக்காரர் கெடுதல் என்று சொன்ன பள்ளங்களைப் பற்றிப் பிறகு விரிவாக எழுதுகிறேன். அவைதாம் உங்கள் பொருளில் மிகச் சுவையான பகுதி.

நீங்கள் தந்த வடிவத்தைப் பார்த்தால் இது மேற்குப் பாலைநிலத்தையோ நடு ஆஸ்திரேலியாவையோ சேர்ந்த வகை. வூமெரா என்பது சிட்னிப் பகுதி மக்களின் டாருக் மொழிச் சொல். ஆங்கிலேயர் முதலில் இறங்கிய இடம் அது என்பதால் அந்தச் சொல்லே கண்டம் முழுமைக்கும் பொதுப்பெயராகிவிட்டது. பாலைநில மொழிகளுள் ஒன்றான பிட்ஜன்ஜாஜாரா பேசுவோர் இதை மிரு என்றும், இதில் பூட்டி எறியும் ஈட்டியைக் குலாட்டா என்றும், அந்தக் கறுப்பு அரக்கைக் கிட்டி என்றும் சொல்வார்கள்.

மரம் முல்காவாக இருக்க வேண்டும். அது அகேசியா இனம். நம் வேல மரத்துக்கு உறவு என்று சொல்லலாம். மரத்தை வெட்டிச் சாய்க்காமல், நிற்கும் மரத்தின் பக்கத்திலிருந்தே ஒரு பலகையைப் பிளந்தெடுத்துச் செதுக்குவார்கள். வடுவோடு மரம் தொடர்ந்து வாழும். நீங்கள் நார் என்று நினைப்பது கங்காருவின் வால் நரம்பு. அதை வாயில் மென்று நனைத்து ஈரமாக இருக்கும்போதே சுற்றினால், காய்ந்ததும் சுருங்கி இரும்புக் கம்பியைப் போல இறுகிவிடும். அந்தச் சுற்று பிடித்திருந்தது ஒரு சிறு மரமுள். ஈட்டியின் அடிமுனையில் ஒரு சிறு குழி இருக்கும். முள் அந்தக் குழியில் பொருந்தும். வூமெராவின் உயிர் அந்த முள்ளில்தான் இருக்கிறது. உங்களிடம் அது இல்லை.

மறவர்சீமை எழுதியது:

ஒரு சிறு ஐயம். இது நம் சிவகங்கைப் பக்கத்து வளரியைப் போன்றதுதானே? இரண்டும் எறிகோல் என்றே படித்திருக்கிறேன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

இல்லை, ஐயா. வளரியை எறிந்தால் வளரியே கையை விட்டுப் பறந்து போகிறது. அதை ஆஸ்திரேலியாவின் பூமராங்கோடு ஒப்பிடலாம். வூமெரா கையை விட்டுப் போவதே இல்லை. பறப்பது ஈட்டி மட்டும். தமிழில் சொல்லத்தான் வேண்டுமென்றால் "ஈட்டி உந்தி" என்பது எறிகோலைவிடப் பொருத்தம்.

நெம்புகோல் எழுதியது:

நான் பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவன் என்பதால் எறியும் முறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எறிபவர், அரக்கு உருண்டை இருக்கும் முனையை உள்ளங்கையில் பற்றுகிறார். உருண்டை கை வழுக்காமல் தடுக்கிறது. ஈட்டி வூமெராவின் மேலாகக் கிடக்கிறது. அதன் அடிமுனைக் குழியில் முள் பூட்டியிருக்கிறது. நடுப்பகுதியைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாங்குகின்றன. கையைப் பின்னுக்கு இழுத்து முன்னே வீசும்போது, கடைசிக் கட்டத்தில் விரல்கள் ஈட்டியை விட்டுவிடுகின்றன, மணிக்கட்டு சொடுக்குகிறது, வூமெரா நிமிர்ந்து எழுகிறது, முள் ஈட்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போய் விடுவிக்கிறது. தோளிலிருந்து விரல்நுனி வரை ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் என்றால், 71 சென்டிமீட்டர் வூமெரா கையின் நீளத்தை இரட்டிப்பாக்குகிறது. ஆனால் உண்மையான ஆதாயம் மணிக்கட்டில் இருக்கிறது: வெறுங்கையில் மணிக்கட்டு திரும்பும்போது விரல்நுனி ஒரு சாண் தூரம்தான் நகரும், வூமெராவின் முனையோ அதே நேரத்தில் அதைப்போல் பல மடங்கு நீண்ட வளைவைக் கடந்துவிடும்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. முள் செல்லும் பாதை வளைவு. ஈட்டி செல்ல வேண்டிய பாதை நேர்கோடு. இந்த முரண்பாட்டை ஈட்டியின் நெகிழ்வுதான் தீர்க்கிறது. பாலைநில ஈட்டி இரண்டரை மீட்டருக்கு மேல் நீண்டு, மெலிந்து, துவளக் கூடியதாக இருப்பது மரப் பஞ்சத்தால் அன்று. அடியில் உந்தப்படும்போது அது வில்லைப் போல வளைந்து, நிமிர்ந்து, அதிர்ந்துகொண்டே பறக்கிறது. விறைப்பான தடியாக இருந்தால் முள்ளிலிருந்து விலகித் தடுமாறும்.

இணையத்தில் "வூமெரா ஈட்டியின் ஆற்றல் நவீன வில்லைப்போல் நான்கு மடங்கு" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 250 கிராம் ஈட்டி நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் போகிறது என்று கொண்டால் இயக்க ஆற்றல் 78 ஜூல். 25 கிராம் அம்பு நவீனக் கப்பிவில்லிலிருந்து நொடிக்கு 85 மீட்டர் வேகத்தில் போனால் 90 ஜூல். ஆக ஆற்றலில் இரண்டும் ஏறத்தாழச் சமம். வில் ஒரு படி மேல் என்றே சொல்லலாம். ஆனால் உந்தத்தைப் பாருங்கள்: ஈட்டிக்கு 6.25, அம்புக்கு 2.1. மூன்று மடங்கு. ஒரு கங்காருவின் மேல் பட்டதும் நின்றுவிடாமல் உள்ளே போகும் வலிமை அந்தக் கனத்திலிருந்து வருகிறது. இதைச் சொன்னாலே போதுமான வியப்பு. நான்கு மடங்கு என்ற மிகை எதற்கு?

ஐயவினா எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் மூலக் கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை. நான் இதைச் சுற்றுலாப் பொருள் என்றே சந்தேகிக்கிறேன். 1917இல் கண்டத்தின் குறுக்கே ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து ஊல்டியா நிறுத்தத்தில் பழங்குடி மக்கள் பயணிகளுக்குப் பூமராங்குகளையும் வூமெராக்களையும் விற்று வந்தார்கள். 1929இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு ரயில் வந்தபின் அங்கும் அதே கதைதான். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு அருகே ஹெர்மன்ஸ்பர்க் கிறித்தவ மிஷனில் பழங்குடிக் கலைஞர் ஆல்பர்ட் நமட்ஜிரா நீர்வண்ண ஓவியராகப் புகழ்பெறுவதற்கு முன்பு, முல்காப் பலகைகளிலும் வூமெராக்களிலும் சூடான கம்பியால் சித்திரம் சுட்டு விற்றவர்தான். அப்படியிருக்க, 1950களில் ஏவுகணைத் தளத்து ஊழியர் ஒருவருக்கு மாவுக்கும் புகையிலைக்கும் கிடைத்த பொருள் விற்பதற்கென்றே செய்ததாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கரிந்த பள்ளங்களும் அரைகுறையாக விடப்பட்ட சுடுசித்திரமாக இருக்கலாம்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஐயவினா அவர்களின் வரலாறு சரி. முடிவு தவறு என்று நினைக்கிறேன். சுடுசித்திரம் பரப்பின் மேல் கோடாக ஓடும். இவர் சொல்வது விளிம்பில் குறுக்காகப் பதிந்த பள்ளம். அது நெருப்பு அறுத்த தடம்.

பாலைநில மக்கள் நெருப்பு உண்டாக்கும் முறைகளுள் ஒன்று இது. வெடித்துப் பிளந்த உலர்ந்த கட்டையையோ மென்மரக் கேடயத்தையோ தரையில் வைப்பார்கள். பிளவில் காய்ந்த புல்லையோ பொடித்த கங்காருச் சாணத்தையோ திணிப்பார்கள். பிறகு வூமெராவின் விளிம்பை ரம்பத்தைப் போல அதன் குறுக்கே வேகமாக இழுத்து இழுத்துத் தேய்ப்பார்கள். இருவர் எதிரெதிரே அமர்ந்து இழுப்பதும் உண்டு. சற்று நேரத்தில் புகை வரும், சூடான மரத்தூள் பஞ்சில் விழுந்து கங்காகும், ஊதினால் தீ. கட்டை தேய்வதைப் போலவே வூமெராவின் விளிம்பும் தேய்ந்து கரியும். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் தேய்த்தால் பள்ளம் விழும். விற்பனைக்குச் செய்தவர், வாங்குபவர் முகம் சுளிக்கும் இந்தக் கரியை மூன்று இடங்களில் வேலைமெனக்கெட்டு உண்டாக்கியிருப்பாரா?

கைப்பிடியில் உள்ள கற்சில்லையும் பாருங்கள். அது அலங்காரம் அன்று, இழைப்புளி. அதைக் கொண்டுதான் ஈட்டியைச் செதுக்குவது, கேடயத்தைக் குடைவது, இன்னொரு வூமெராவையே செய்வது. கல் மழுங்கினால் மெல்லத் தட்டி மறுபடி கூராக்குவார்கள். கூராக்கிக் கூராக்கி அது அரக்கின் ஓரம்வரை தேய்ந்ததும் அரக்கைச் சூடாக்கி இளக்கி, புதுச் சில்லைப் பதிப்பார்கள். அரக்கு ஸ்பினிஃபெக்ஸ் என்னும் முட்புல்லிலிருந்து வருவது: புல்லை அடித்துத் தூற்றி, பிசின்தூளைப் பிரித்து, சூடாக்கினால் கறுத்துக் குழம்பாகும், ஆறினால் கல். எனவே முருங்கைத்தோட்டம் அவர்களே, ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, சில்லின் விளிம்பு படிப்படியாகச் சிதைந்திருக்கிறதா, புதிய உடைப்பைப் போல நீண்டு கூராக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

1960களில் மேற்கு ஆஸ்திரேலியாவின் வார்பர்ட்டன் மலைப்பகுதியில் பழங்குடி மக்களோடு தங்கி ஆராய்ந்த தொல்லியலாளர் ரிச்சர்ட் கூல்ட், இந்தக் கருவியின் பல்பயனைக் குறித்து விரிவாக எழுதியிருக்கிறார். ஈட்டி உந்தி, உளி, தீக்கடைகோல், காவித் தட்டு. வந்து பாயும் ஈட்டியைத் தட்டிவிடவும் சடங்கில் தாளம் போடவும்கூட உதவும். தண்ணீர்ச் சுனைகளுக்கிடையே நாள் முழுதும் நடக்கும் வேட்டைக்காரர் கையில் சில ஈட்டிகளும் ஒரு வூமெராவும் மட்டும் இருந்தால் போதும்.

நெம்புகோல் எழுதியது:

ஏட்டுச்சுவடி அவர்கள் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். எறியும்போது இந்த அகன்ற முகம் காற்றை எதிர்த்துத்தான் வீசப்படுகிறது. எறிவதற்கு மட்டும் என்றால் இது நல்ல வடிவமே அன்று. வடக்கே கிம்பர்லியிலும் ஆர்னெம் நிலத்திலும் வூமெரா நீண்டு ஒடுங்கிய பட்டைச் சட்டமாக இருக்கிறது. வடகிழக்கே கேப் யார்க்கில் முள்ளை வேறு திசையில் பொருத்தி, சட்டத்தின் விளிம்பு காற்றை வெட்டும்படி வீசுகிறார்கள். பாலைநிலத்தார் தட்டுக்காகவும் விளிம்புக்காகவும் கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அது சரியான பேரமாகவே படுகிறது.

மறவர்சீமை எழுதியது:

இது எவ்வளவு தொன்மையானது? ஆஸ்திரேலியா முழுவதும் உண்டா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

முழுவதும் இல்லை. டாஸ்மேனியாவில் இல்லை, டார்வினுக்கு எதிரே உள்ள திவி தீவுகளிலும் இல்லை, அங்கெல்லாம் ஈட்டியைக் கையாலேயே எறிந்தார்கள். ஆர்னெம் நிலப் பாறை ஓவியங்களில் "இயங்கு உருவங்கள்" எனப்படும் பழைய பாணியில் மனிதர்கள் ஈட்டியும் பூமராங்கும் வைத்திருக்கிறார்கள், வூமெரா இல்லை. பிற்காலப் பாணிகளில்தான் அது தோன்றுகிறது. மறுபுறம், 1974இல் நியூ சவுத் வேல்ஸின் மங்கோ ஏரியில் கிடைத்த, ஏறத்தாழ 40,000 ஆண்டு பழைய மனிதரின் வலது முழங்கை மூட்டு மிகவும் தேய்ந்திருந்ததைக் காட்டி, அது வூமெரா எறிந்து வந்த தேய்மானம் என்று கருதியவர்களும் உண்டு. ஒரு முழங்கையை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போக நான் தயங்குவேன். இக்கருவி ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் உரியதும் அன்று: பிரான்சில் 17,000 ஆண்டுகளுக்கு முந்தைய கொம்பு உந்திகள் கிடைத்துள்ளன, மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்கள் பயன்படுத்திய அட்லாட்டலும் இதே தத்துவம்தான்.

செம்மண்காரி எழுதியது:

நான் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவள். அளவும் கணக்கும் நன்றாகவே போகின்றன. ஆனால் அந்தப் பெரியவர் வேலை பார்த்த தளத்தைப் பற்றி ஒரு சொல்லாவது சொல்ல வேண்டும். 1947இல், அடிலெய்டுக்கு வடக்கே ஏறத்தாழ 450 கிலோமீட்டர் தொலைவில் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் அமைத்த ஏவுகணைத் தளத்துக்கு இந்த மரக்கருவியின் பெயரை வைத்தார்கள். ஏவுகணைகள் பறந்த வழியோ, அதே கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நடமாடிய மக்களின் நிலத்துக்கு மேலே. 1952இல் ஊல்டியா மிஷன் மூடப்பட்டு, அங்கிருந்தவர்கள் தெற்கே யலாட்டாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1953இல் ஈமு வெளியிலும், 1956 முதல் மாராலிங்காவிலும் அணுகுண்டுச் சோதனைகள் நடந்தன. 1950களில் ஒரு முதியவர் தம் வூமெராவை மாவுக்கும் புகையிலைக்கும் கொடுத்தார் என்ற வரியைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான். ஆகவே ஐயவினா அவர்கள் கேட்டபடி, விற்பதற்கென்று செய்ததா பயன்படுத்தியதா என்ற கேள்விக்கு இரண்டும் விடையாகலாம்: பயன்படுத்தியதையே விற்க நேர்ந்திருக்கலாம்.

இன்னொரு செய்தி. பொதுவாக மிரு ஆண்களின் கருவி. பெண்களுக்குத் தோண்டுகோலும் மரத்தட்டும். மேற்கிலிருந்து வரும் சில வூமெராக்களில் செதுக்கிய கோடுகள் எல்லாரும் பார்ப்பதற்கு உரியவை அல்ல. உங்களுடையதில் செதுக்கல் ஏதும் இருந்தால் படத்தை இங்கே ஏற்றாதீர்கள். முதலில் அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.

முருங்கைத்தோட்டம் எழுதியது:

செதுக்கல் எதுவும் இல்லை, அம்மா. இரு பக்கமும் வெறுமையே. எச்சரித்ததற்கு நன்றி.

நேற்று இரவு மேசைவிளக்கின் கீழ் உருப்பெருக்கியோடு அமர்ந்தேன். கற்சில்லின் விளிம்பில் படிக்கட்டுகளைப் போலச் சிறு சிறு உடைப்புகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. கல் அரக்குக்கு வெளியே ஒரு சுண்டுவிரல் நகத்தின் அளவுக்குத்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது. அரக்கின் ஒரு பக்கம் மங்கலாகவும், மறுபக்கம் சற்றுப் பளபளப்பாகவும் இருப்பதைப் பார்த்தால் ஒரு முறையாவது இளக்கிப் பதித்ததாகத் தோன்றுகிறது. கரிந்த பள்ளங்கள் மூன்றும் ஒரே விளிம்பில், நடுப்பகுதியில் இருக்கின்றன. அவற்றின் உட்புறம் கண்ணாடி போல வழவழப்பு.

ஐயவினா எழுதியது:

படிக்கட்டு உடைப்பும் வழவழப்பான பள்ளமும் என்றால் நான் வாதத்தை விட்டுவிடுகிறேன். இது உழைத்த கருவிதான். ஒரு கேள்வி மட்டும்: விற்கும் எண்ணம் உண்டா? வெளிநாட்டு ஏலத்தில் நல்ல விலை போகும் என்று கேள்வி.

ஏட்டுச்சுவடி எழுதியது:

வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு முன் 1986ஆம் ஆண்டின் அசையும் பண்பாட்டு மரபுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். பழங்குடி மக்களின் மரபுப் பொருள்கள் அதன் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. சிலவற்றை அனுப்பவே கூடாது, சிலவற்றுக்கு அனுமதிச் சீட்டு தேவை. ஊருக்குப் போகும்போது பெட்டியில் வைத்து எடுத்துப் போகலாம் என்ற எண்ணம் இருந்தாலும் இதே விதிதான். அடிலெய்டு நார்த் டெரஸ் சாலையில் உள்ள தெற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் எழுதிக் கேளுங்கள்; பழங்குடிப் பொருள்களில் உலகின் மிகப் பெரிய சேகரங்களுள் ஒன்று அங்கேதான் இருக்கிறது.

செம்மண்காரி எழுதியது:

கேட்கும்போது, எந்தச் சமூகத்தாரிடம் இதைக் காட்டலாம் என்றும் கேளுங்கள். 1770இல் குக்கின் கப்பலார் பாட்டனி விரிகுடாவில் எடுத்துச் சென்ற ஈட்டிகளுள் நான்கு, கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியின் உடைமையாக 250 ஆண்டுகளுக்கு மேல் இருந்து, 2024இல்தான் அந்த விரிகுடாவை ஒட்டிய லா பெரூஸ் பழங்குடி மக்களிடம் திரும்பின. உங்கள் பொருள் உரியவர்களிடம் திரும்ப அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

உளிச்சத்தம் எழுதியது:

நான் மெல்போர்னில் தச்சு வேலை செய்கிறேன். முல்காத் துண்டுகள் என்னிடம் உண்டு. முள் இல்லாமல் அது முழுமையாகாது. அளவு கொடுத்தால் ஒன்றைச் செதுக்கி அனுப்புகிறேன். நரம்புக்கு மாட்டு நரம்பைப் பயன்படுத்தலாம். காசு வேண்டாம்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நல்ல மனம், ஆனால் வேண்டாம். புது முள்ளைக் கட்ட வேண்டுமானால் பழைய நரம்புச் சுற்றை அவிழ்க்க வேண்டியிருக்கும். அவிழ்த்தால் அது பொடியாகும். உங்கள் முல்காத் துண்டில் ஒரு புது வூமெராவையே செய்து, எறிந்து பார்த்து, எங்களுக்கு எழுதுங்கள். முருங்கைத்தோட்டம் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தச் சுற்றின் நுனி எப்படி முடிகிறது? முறிந்து விழுந்த முள் என்றால் நரம்பு பிரிந்து பஞ்சாக இருக்கும். எறியும்போது முள் பிய்ந்துகொண்டால் மரத்திலும் சிராய்ப்பு இருக்கும்.

முருங்கைத்தோட்டம் எழுதியது:

அருங்காட்சியகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். நேரில் கொண்டுவர நாள் குறித்திருக்கிறார்கள். அதுவரை அமிலமற்ற தாளில் சுற்றி, வெயிலும் குளிர்சாதனக் காற்றும் படாத அலமாரியில் கிடைமட்டமாக வைத்திருக்கிறேன். சிவப்பான அந்தத் துணியையும் துவைக்காமல் ஒரு பையில் போட்டு உடன் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்து அங்கே என்ன சொல்வார்களோ, வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பெரியவரைப் பார்த்தேன். கரிந்த பள்ளங்களின் படத்தைக் காட்டியதும் அவருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. கொடுத்த முதியவர், மாவு மூட்டையை வாங்கி வைத்துவிட்டு, வூமெராவை மடியில் போட்டு, ஒரு கத்தியால் நுனியில் ஏதோ செய்துவிட்டுத்தான் நீட்டினாராம். என்ன செய்தார் என்று இவர் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உருப்பெருக்கியை எடுத்தேன். நரம்புச் சுற்றின் மூன்று இழைகள் ஒரே கோட்டில் நேராக அறுபட்டிருக்கின்றன. பஞ்சு இல்லை, மரத்தில் சிராய்ப்பும் இல்லை.